அக்கரையை எழுதவில்லை

ஜூன் 4

என் வாலு நாத்தனாருக்கு,

மேசையைச் சுற்றி உட்காரவைத்து நீ கதை சொல்லி நடத்தும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீ கேட்ட கற்பனை ஊரை அனுப்பியிருக்கிறேன். "நாலு பக்கம் போதும் அண்ணி" என்றாய். எண்பது ஆகிவிட்டது, திட்டாதே. எந்தக் கிணற்றுச் சுவர் இடிந்திருக்கிறது, எந்த மாடிப்படி வழுக்கும், பாம்பு எந்தச் சந்தில் புகும், வைத்தியர் எப்போது வீட்டில் இருக்கமாட்டார், எல்லாம் உண்டு. திருடனாகவோ மந்திரவாதியாகவோ வேஷம் கட்டிப் பகடை உருட்டும் உன் கூட்டம் எந்தக் கதவைத் தட்டினாலும் நீ முழிக்க வேண்டாம். ஆற்றோடு ஊர் முடிகிறது. அக்கரையை எழுதவில்லை.

உன் மருமகனுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. காய்ச்சலில் வலிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான். இனி பயமில்லை என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதியதுதான் இந்த எண்பது பக்கமும். "நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு" என்கிறார் உன் அண்ணன். அவர் தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டார். உனக்குத் தெரியாததா?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூன் 10

அன்பு அண்ணிக்கு,

உங்கள் ஊரைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியதும் ஆட்டம் நகரவே இல்லை. திருடனாக வந்த பல் டாக்டர் படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வழுக்கும்னு தெரிஞ்ச படியில எவனாவது ஏறுவானா? நான் இங்கயே இருக்கேன், ஒரு டீ சொல்லுங்க" என்றார். கோபப்படாதீர்கள். நடப்பதற்கு நீங்கள் இடமே விடவில்லை. ஒரு தெரு, அதில் ஒருத்தன், அவனுக்கு ஒரு கவலை, அவ்வளவு போதும். மற்றதெல்லாம் அவர்கள் கேட்கக் கேட்கப் பிறக்கும்.

கடைசியில் டிரைவிங் ஸ்கூல் அக்கா கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர்ல பிள்ளைங்களே இல்லையா?"

புரட்டினேன். எண்பது பக்கத்தில் ஒரு தொட்டில்கூட இல்லை. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்: "இருந்தாங்க. அக்கரைக்குக் கொண்டு போயிட்டாங்க."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை ஆற்றைக் கடக்கிறார்கள். பல் டாக்டர்தான் முதல் ஆளாக எழுந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. பிள்ளைகளை ஏன் வைக்கவில்லை அண்ணி?

உங்கள் வாலு


ஜூன் 13

யார் கொண்டு போனார்கள்? உன்னை யார் அப்படிச் சொல்லச் சொன்னது?

நான் மறந்து விட்டுவிடவில்லை. ஊருக்குள் வைத்தால் அவர்களுக்கு ஏதாவது ஆகும். வைக்காவிட்டால் எதுவும் ஆகாது. அதனால்தான் வைக்கவில்லை. நீ அவர்களை உண்டாக்கிய கையோடு, நான் ஒரு வரிகூட எழுதாத இடத்துக்கு அனுப்பிவிட்டாய். அங்கே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா? குளிருமா? அழுதால் தூக்க யாராவது உண்டா? அக்கரையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் கெட்டதாகவே வருகிறது. முந்தாநாள் உன் மருமகன் சும்மா தூக்கத்தில் உதறினான், நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவர்களிடம் சொல். பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டு வா.

அண்ணி


ஜூன் 15

அண்ணி,

மேசையில் சொல்லிவிட்டால் அது நடந்ததுதான். நடந்ததை அழிக்கக் கூடாது. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தபோது வைத்த விதி இது. அன்றைக்கு நான் அழுதும் நீங்கள் மாற்றவில்லை.

சத்தியமாக, அக்கரையில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. எழுதி அனுப்பாதீர்கள், அனுப்பினால் பிரிக்கமாட்டேன். நீங்களே வாருங்கள். ஊரைப் படைத்தவராக வேண்டாம், படகில் ஏறும் ஒரு ஆளாக வாருங்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. சனிக்கிழமை அண்ணனுக்கு லீவுதான். பிள்ளையை அவரிடம் விடுங்கள்.

என் மருமகனுக்கு அத்தையின் முத்தம்.

வாலு


ஜூன் 19

வாலுப் பெண்ணே,

உடனே பதில் போட முடியவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் பாதி தீர்ந்துவிட்டது. மீதி இருக்கட்டும்.

உன் அண்ணனிடம் கேட்டேன். "போயிட்டு வா" என்றார். இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே என்று அதற்கும் பயந்தேன். காய்ச்சல் மருந்து இருக்கும் இடத்தைக் காட்டினேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று சொன்னேன். இன்னும் சொல்ல வாயெடுத்தேன். "அன்னிக்கு அவனைத் தூக்கிட்டு ஓடினது நான்தான், ஞாபகமிருக்கா?" என்றார். இருக்கிறது. அவர் செருப்புகூடப் போடவில்லை.

பிறந்ததிலிருந்து அவனை விட்டு நான் தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. பஸ் ஏறியபிறகும் இறங்கி ஓடிவிடுவேனோ என்னவோ. ஸ்டாப்பில் வந்து நில். மேசைக்கு வந்தபிறகு பாதியில் எழுந்தேன் என்றால் என்னைத் தடுக்காதே, கேலியும் செய்யாதே.

அக்கரையில் என்ன இருக்கிறதென்று முன்கூட்டி எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். படகு கரை தட்டியதும் நானே கேட்கிறேன். என் பகடையை வேறு யாரும் உருட்டக் கூடாது.

அண்ணி