எனக்குப் பின்னால நடந்த கால்

ஆனி மாசம், செவ்வாய்க்கிழமை ராவு. ஒகந்தைக் கோயிலடி.

நெட்டையர், நீங்க கண்ணை மூடின பிறகு கதிர்காமத்துக்கு நான் நடக்கிற முதல் வருசம் இது. காட்டுப்பாதையில ஆரும் பிந்தி நிக்கக்கூடாதெண்டு குட்டைக்காலி என்னைத்தானே நம்மட கூட்டம் முன்னுக்கு விடும். இண்டைக்கு எனக்குப் பின்னால உங்கட தங்கச்சி பூமணி வந்தா. அவவுக்கும் உங்களப்போல நீட்டுக்கால். அவ ஒரு எட்டு வைக்கிற தூரத்துக்கு நான் ரெண்டு வைக்கோணும்.

பின்னேரம் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு குந்திட்டா. "மச்சாள் சாமி, கோவிக்காதீங்க. உங்கட நடைக்குக் காலை அடக்கி அடக்கி வைச்சு இடுப்பு கழண்டு போச்சு. வீசி நடந்தா இந்த நோவு வராது" எண்டா. அவவை முன்னுக்குப் போகச் சொல்லிட்டன்.

நெட்டையாக்களுக்கு நடை லேசு எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். "உங்களுக்கென்ன, கொக்குக்கால்" எண்டு எத்தினை தரம் ஏசியிருப்பன். நீங்க சிரிச்சிக்கிட்டு என்ட பையையும் வாங்கித் தோளில போடுவீங்க. பதினொரு வருசம் என்ட முதுகைப் பார்த்துக்கிட்டே நடந்தீங்க. அப்பிடியொரு பொறுமையை நான் வேற ஆரிட்டயும் காணல்ல. ராவில நீங்க எண்ணெய் தேய்ச்சு விட்டதும் என்ட காலுக்குத்தான்.

ஒரு நாளும் வாய் திறக்கல்லியே, உங்களுக்கும் இப்பிடித்தான் நொந்திச்சா?