மொட்டை மாடியில் உன் ஓட்டு

டாலிகஞ்ச்,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி கீதாஞ்சலிக்கு அப்பா அநேக ஆசீர்வாதங்களோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டுமென்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் எப்போதும் அம்மா கையில், நான் ஓரமாக நின்று சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சரி. தவிர, இது அவள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

அரசாங்கம் என்பது எப்படித் தோன்றியது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவேண்டும், எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை என்றாயே, நம் கட்டிடத்திலேயே ஆரம்பிக்கலாம். தண்ணீர் விடுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த செக்ரட்டரி போஸ் பாபு பிள்ளையோடு இருக்கப் புனே போய்விட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. முதலில் கேட்பாரில்லாதது சௌகரியமாகத்தான் இருந்தது. வெயில் ஏறித் தண்ணீர் குறைந்ததும் கீழ்வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மோட்டார் வைத்துக் குழாயிலிருந்தே இழுத்துக்கொண்டார்கள், மேலே தொட்டி காய்ந்தது. பூஜைக்கு சந்தேஷ் இனிப்பு கொடுத்துக்கொண்டவர்கள் படிக்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா வாளியோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை, உன்னிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

அப்போதுதான் கீழ்த்தளத்து தத்தா மோட்டார் ரூமுக்குத் தன் பூட்டைப் போட்டார். அவருடைய தம்பிகள் இரண்டுபேர் எல்லார் மோட்டாரையும் கழற்றி எறிந்தார்கள். வேளாவேளைக்குத் தண்ணீர் வந்தது, எல்லாருக்கும் நிம்மதி, எனக்கும்தான். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் ஸ்மிதா, ஸ்டுடியோவில் நடிகர்களுக்கு உடை தைக்கும் பெண், உன் வயசுதான், தனக்கு மட்டும் ஏன் குறைவாக வருகிறது என்று கேட்டாள். மறுநாள் தத்தா அவள் குழாயை அடியோடு அடைத்துவிட்டார். நான் கீழே போய், இந்தப் பூட்டைப் போடும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "ஜல் பாச்சேன் தோ, மேஷோமஷாய்?" என்று சிரித்தார், உங்களுக்குத் தண்ணீர் கிடைக்கிறதல்லவா, மாமா என்று. கிடைக்கத்தான் செய்தது. ஆனால் பயந்து அடங்கிப்போவதும் சம்மதித்துக் கட்டுப்படுவதும் ஒன்றில்லையே என்று படியேறும்போதெல்லாம் தோன்றியது. வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பலர் கதவை முழுசாகத் திறக்கவில்லை, ஆனாலும் போன ஞாயிறு காலை மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள்.

தத்தா கெட்டிக்காரர். ஓட்டெடுக்கலாம், ஆனால் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார். ஸ்மிதா எழுந்து போகப் புறப்பட்டாள். பிறகு தத்தா என்னைப் பார்த்து, உங்கள் ஃபிளாட் மகள் பேரில்தானே இருக்கிறது, அவளே போனில் சொல்லட்டும் என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம், உன் நம்பரை அழுத்தத் தொடங்கிவிட்டாள். நான் எழுந்து, யார் இங்கே குடியிருந்து இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களோ அவர்கள்தான் முடிவு செய்யவேண்டும், ஸ்மிதாவுக்கு ஓட்டு உண்டு, என் பெண்ணுக்குக் கிடையாது, அவள் இங்கே இல்லை என்று வங்காளத்திலேயே சொன்னேன். இதற்கு யார் யார் சம்மதம் என்று கேட்டேன். இரண்டாம் மாடி டீச்சரம்மா முதலில் கை தூக்கினாள், பிறகு ஒவ்வொருவராக. அவளையே ஒரு வருஷத்துக்குப் பொறுப்பாக்கினோம், சரியில்லையென்றால் நடுவிலேயே மாற்றலாம், யாருடைய குழாயையும் கூட்டத்தைக் கேட்காமல் அடைக்கக்கூடாது. தத்தா பூட்டைக் கழற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஸ்மிதா வீட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்ததும் அம்மா, "நம்ம பொண்ணுக்கு இந்தாத்துல பாத்தியதை இல்லைன்னு நாலு பேர் நடுவுல எழுந்து நின்னு சொல்லிட்டு வந்திருக்கேளே, எப்படி வாய் வந்துது உங்களுக்கு?" என்றாள். அதன்பிறகு சாதம் போடுவாள், பேசமாட்டாள். நான் சொன்னது நியாயம்தான் கீதா, இன்றும் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் நீ போன நாளிலிருந்து யார் கேட்டாலும் பெண் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் நாங்கள் சொல்லிவந்தோம். அவள் இங்கே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. தத்தாவை ஜெயித்துவிட்டு வந்து உன் அறை வாசலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே போகத் தோன்றவில்லை.

இன்று காலை மறுபடி கூட்டம். கூட்டமென்றாலே ஓரமாக உட்காருகிற அம்மா எழுந்து, தனக்குத் தெரிந்த வங்காளத்தில் ஒரு விதி கொண்டுவந்தாள். இந்தக் கட்டிடத்துப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தாலும், வந்து தங்கும் நாளில் அவர்களுக்கும் ஓட்டு உண்டு, ஒரே ஒரு நாள் தங்கினாலும் சரி என்று. பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில்தானே, எல்லாக் கையும் உயர்ந்தது, தத்தாவின் கைகூட. படியிறங்கும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எழுதுங்கோ அவளுக்கு, ஒரு நாள் போதும்னு" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை இல்லாமல் வெளியே போகாதே. அம்மாவின் கையைப் பற்றி நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. தீர்க்காயுசாக, நினைத்தது கைகூடி நன்றாக இரு. லீவு எப்போது என்று மட்டும் மறக்காமல் எழுது.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
வெங்கடநாராயணன்