டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை

அன்புள்ள எவோதியோ அண்ணா,

இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன்னோடு தங்கியிருக்கும் பையன்களிடம் விளையாட்டுக்குக்கூடப் படித்துக் காட்டாதே, படித்து முடித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு. இதே உறைக்குள் இன்னொரு கடிதமும் இருக்கும், அது இன்று சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அந்தக் குளிர்த் தீவில் நீயும் சுகமாக இருக்க மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எப்போதும்போல ஆரம்பித்திருக்கிறாள். மீன் வெட்டும்போது கையுறையைக் கழற்றாதே, ஈரத் தலையோடு படுக்காதே, சம்பளத்தன்று சீட்டாடுகிறவர்கள் பக்கம் போகாதே என்று புத்தி சொல்லி, ஆயிரம் ஆசீர்வாதங்களோடு முடித்து, கீழே தன் கையாலேயே பெயரைக் கோணலாகப் போட்டிருக்கிறாள். அந்தக் கடிதத்தில் எல்லாம் உண்மைதான், சுகம் என்பது மட்டும் பொய். அதை எழுதும்போது எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, கோழி கிளறினாப்புல எழுதற? உங்கண்ணன் உனக்குத்தான் சர்க்கரைன்னு நெனைச்சுக்கப் போறான்" என்று சிரித்தாள். இப்போது அவள் தூங்குகிறாள். நான் குளியலறையில் அழுக்குத்துணிக் கூடைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் டிரெய்லர் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு இது ஒன்றுதானே.

நீ இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போவதே திருவிழா மாதிரி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா அண்ணா? அம்மா அந்தப் பச்சைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வாள். நீ லாரியை நிறுத்திவிட்டுத் தொப்பியை எனக்கு மாட்டிவிடுவாய். ஒரு வேளைக்கு எத்தனை தோர்த்தியா ரொட்டி என்று டாக்டர் கேட்பார், அம்மா முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு ஒன்று என்பாள். நீ உடனே இங்கிலீஷில், அம்மா ஒன்று என்கிறாள், நான் எண்ணிய வரையில் ஆறு என்பாய். டாக்டர் சிரிப்பதைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும், "துரோகிப் பயலே, உன்னைப் பெத்ததுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கைப் பெத்திருக்கலாம்" என்று கைப்பையால் முதுகில் ஒன்று வைப்பாள். திரும்பும் வழியில் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வறுத்த கள்ளிமடலை ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்துத் தின்போம். இனிப்பு ரொட்டிக் கடையைத் தாண்டும்போது அம்மா மூச்சை இழுத்து, வாசனைக்குச் சர்க்கரை ஏறாது என்பாள். ஸ்ட்ராபெரி வயலில் பழம் பறிக்கும்போது அவள் வரிசையை யாராலும் பிடிக்க முடியாது. உன்னையே முந்திப்போய், அழுகிய பழத்தை உன் தொப்பிமேல் எறிந்துவிட்டு ஒன்றும் தெரியாதவள்போலக் குனிந்துகொள்வாள். அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேதான் நான் இதை எழுதுகிறேன். இப்போது வரிசை பாதி வரும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்கிறாள். கண் மங்குகிறதாம், கம்மலை எனக்குப் போட்டுவிடக் கொக்கி தெரியவில்லை. பச்சைச் சட்டை தோளிலிருந்து நழுவுகிறது. மெலிந்துவிட்டாயே என்று பக்கத்து டிரெய்லர் லூச்சா அத்தை சொன்னால், "பொறாமைப்படாதே, ரெண்டு கதவையும் திறந்து வெச்சாலும் உன்னால நுழைய முடியாது" என்று வாயடிக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாத்திரைச் சீட்டு வாங்கப் போனோம். ஸ்பானிஷ் தெரிந்த நர்ஸ் பிரசவத்துக்குப் போய்விட்டாராம், அதனால் உன் இடத்தில் நான் நின்றேன். டாக்டரும் புதியவர். கால் மரத்துப்போகிறதா, புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா நான் சொல்லி முடிப்பதற்குள், "இல்லைன்னு சொல்லு, பூட்ஸைக் கழட்டச் சொன்னா மத்தியான வேலை போச்சு" என்றாள். நான் இல்லை என்றேன். விரலில் குத்திப் பார்த்தார், சர்க்கரை முந்நூற்று நாற்பது. பிறகு என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: மாத்திரை மட்டும் இனிமேல் போதாது, தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும், இதை அம்மாவிடம் சொல். அம்மா என் முகத்தையே பார்த்தாள். "என்னடி சொல்றாரு?" என்றாள். எனக்கு அம்பாரோ பெரியம்மாதான் கண்முன் வந்தார். அவர் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் முகத்தை விரலால் தடவித் தடவி, "மீசை வெச்சிட்டியாடா திருட்டுப் பயலே, சொல்லவே இல்லை" என்றாரே, எல்லோரும் சிரித்தோமே, நான் மட்டும் சமையலறைக்குப் போய் அழுதேன். ஊசி ஆரம்பித்து ஒரு வருஷத்துக்குள் பெரியம்மாவுக்குக் கண் போனது. ஊசிதான் கண்ணைத் தின்றது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அம்மாவும் செத்தாலும் சாவேனே தவிர ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். அண்ணா, நான் சொன்னது இதுதான்: "அதே மாத்திரைதானாம்மா, ரெண்டு வேளையும் விடாம சாப்பிடணுமாம்." அம்மாவுக்குப் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். புரிந்தது என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே அவருக்குக் கைகொடுத்தாள். ஊசிச் சீட்டு என் பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து லூச்சா அத்தையிடம் என்னைப் பற்றி அம்மா ஒரே பெருமை. உன்னைப்போல வம்பு பண்ணாமல், தான் சொன்னதை நான் அப்படியே டாக்டரிடம் சொன்னேன் என்றாள். அத்தை அருவதா மூலிகை இலையால் அவளைத் தலையிலிருந்து கால்வரை நீவி, முட்டையைச் சுற்றிப்போட்டார். அம்மாவின் சர்க்கரை பயந்த கோளாறுதான் என்று இன்னும் இருவரும் நம்புகிறார்கள். பூகம்பத்தன்று நீ இருட்டும்வரை வீடு வரவில்லையே, அந்தப் பயம் ரத்தத்தில் தங்கிச் சர்க்கரையாகிவிட்டதாம். "அன்னிக்கு ஒரு துண்டு ரொட்டி வாயில போட்டிருந்தா பயம் அடங்கியிருக்கும். கடையெல்லாம் இடிஞ்சு கெடந்துச்சு, ரொட்டிக்கு எங்க போறது? என் சர்க்கரைக்கு அப்பன் எவோதியோதான்" என்று அம்மா கேலி செய்வாள். நீ அதைக் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு எழுந்து போய்விடுவாய், நான் பார்த்திருக்கிறேன்.

நீ காரணம் இல்லை அண்ணா. நான் பள்ளிக்கூட நர்ஸிடம் கேட்டேன், யாரோ ஒரு தோழியின் அம்மாவுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். பயந்தால் அந்த நேரத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், ஆனால் நோய் அதனால் வருவதில்லையாம். வயிற்றுக்குள் சுரக்கிற இன்சுலின் உடம்புக்குப் போதாமல் போவதால் வருகிறது, குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகமாம். தாத்தாவுக்கும் பெரியம்மாவுக்கும் இருந்ததே. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குவதால்தான் ஓயாத தாகம், ஓயாமல் சிறுநீர், உடம்பு வற்றுவது எல்லாம். பிறகு பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். சர்க்கரை வந்து எத்தனை வருஷம் கழித்து ஊசி போட்டார்கள் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஏறியே கிடந்த சர்க்கரைதான் கண்ணைக் கெடுத்தது, ஊசி வந்தபோது நேரம் கடந்துவிட்டது என்றார். அம்மாவின் கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எதைத் தடுத்துவிட்டேன் பார்.

இன்னும் மோசமானதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். நேற்றுச் சாயங்காலம் அவள் பூட்ஸை மண் போகத் தட்டினேன். உள்ளேயிருந்து பழப்பெட்டி ஆணி ஒன்று விழுந்தது, முனையில் ரத்தம். காலையிலிருந்து அதன்மேல் நின்று பழம் பறித்திருக்கிறாள், அவளுக்குத் தெரியவே இல்லை. காட்டு என்றால், "பூட்ஸ் கடிடி, வலிக்கவே இல்லை" என்று கற்றாழையை வைத்துக் கட்டி, காலுறையை மாட்டிக்கொண்டாள். இன்றைக்கு நர்ஸிடம் அதையும் கேட்டேன். வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும், விட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். அந்தத் தோழி யார் என்று கேட்டார். நான் ஓடி வந்துவிட்டேன்.

அதனால் இது கிடைத்ததும் லூச்சா அத்தை வீட்டுக்குப் போன் செய். அம்மாவைக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொல், ஊசியைப் பற்றி நீயே சொல், நீ சொன்னால் திட்டிக்கொண்டாவது கேட்பாள். நான் சொல்லப் போனால் டாக்டர் சொன்னதை மறைத்ததையும் சொல்ல வேண்டும். இங்கே அவளுக்கு வாயாக இருப்பது நான்தான் அண்ணா, கடையிலும் பள்ளிக்கூடத்திலும் எல்லா இடத்திலும். இனிமேல் நான் சொல்கிற எதை நம்புவாள்? ஆனால் உன்னைப் போனில் கூப்பிட எங்களிடம் நம்பர் இல்லை, இந்தக் கடிதம் உன் தீவுக்கு வர எட்டு நாள் ஆகும். நர்ஸ் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். எட்டு நாள் என்று எழுதிய பிறகுதான் எனக்கே

கதவைத் தட்டுகிறாள். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டாள். "நெரேய்தா, திறடி. காலுறை ஈரமா இருக்கு, என்னமோ நாத்தமும் அடிக்குது. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. நீ பாத்து, இருக்கறதைச் சொல்லு" என்கிறாள். அண்ணா, நான்