இரண்டு விரல் அகலம்

அக்கா,

காலையில் அம்மா கந்தல் விரிப்பைத் துவைத்தாள். நனைந்தால் அது கல்லாய்க் கனக்கும், ஒற்றை ஆளால் பிழிய முடியாது. ஒரு முனையை நான் பிடித்தேன். ஈரப் பழந்துணியின் வாசனை வந்ததும் நீ கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"அவளுக்கு இன்னாடா, சிரிச்சிக்கினே ரயில் ஏறினா. கல்லு மனசு" என்றாள் அம்மா. நீ இறந்து வருஷம் திரும்பியும் அவளுக்கு அந்தக் கோபம் தணியவில்லை.

கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கும் கோபம்தான். அங்கே போனால் கலர்ப் புடவை கிடையாது. நல்லவற்றைச் சித்தியின் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, கிழிசல்களைக் கூடத்தில் குவித்தாய். யுத்த காலம், கடையில் துணி கிடைப்பதே பெரும்பாடு. அவற்றைக் கிழித்து நாடாவாக்கி, அம்மா முழந்தாளிட்டு ஜெபிக்க ஒரு விரிப்பு நெய்ய வேண்டும் என்றாய்.

"இன்ஜினீயரிங் படிச்சிருக்கியே, பிளான் போடு."

போட்டேன். பெட்டிப் பலகையில் சட்டம், நீளவாட்டில் ஓடும் பாவுக்கு முறுக்கு நூல், எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம், எல்லாம் கட்டத்தாளில் வரைந்தேன். ஆள் படுக்கும் நீளம். நாடா ஒரு விரல் அகலம்.

"இது முடியறதுக்குள்ள நான் கிழவி ஆயிடுவேன்டா. ரெண்டு விரல் வெச்சிக்கலாம்."

"மேடும் பள்ளமுமா வரும். அம்மா முட்டியில குத்தும்."

"நீ முட்டியப் பத்தியா பேசற?"

"இல்ல. இது முடியற வரைக்கும் நீ போவக் கூடாது. அதுக்குத்தான் ஒரு விரல்."

சிரித்தாய். "சரி, முடிச்சிட்டே போறேன். ஆனா கிழிக்கிறது நான்."

தினமும் நீ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் உட்கார்ந்தோம். நீ இரண்டு விரல் அகலத்துக்குத்தான் கிழித்தாய், சில சமயம் மூன்று. விரிப்பு மளமளவென்று வளர்ந்தது. நான் விடவில்லை. மரச்சீப்பால் ஓங்கி அடித்து வரிசைகளை நெருக்கினேன். நெருக்கினால் நீளம் ஏறாது, துணி தின்னும்.

"நூல் அறுந்துடும்டா ராட்சசா" என்றாய். "மடத்துலேர்ந்து யாரும் அளந்து பாக்க வரப் போறதில்ல."

ஒரு சாண் மிச்சம் இருந்தபோது மடத்திலிருந்து உன்னை வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்று மாலை நீ எடுத்தது பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன நீலப் புடவை. என் கைக்கு வந்த நாடா மெல்லிசாக இருந்தது. நான் கேட்ட ஒரு விரல்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நீ ஓரத்தைப் பல்லால் கடித்து, மெதுவாக, ஓர் இழை கோணாமல் கிழித்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா அக்கா, திடீர்னு?"

"நீதானே சொன்ன, அகலமா இருந்தா குத்தும்னு."

வேலைக்கு நடுவில் அளவை மாற்றுகிறாயே என்றுதான் எனக்கு எரிச்சல். அந்த ஒரு சாண் முடிய நாலு நாள் இழுத்தது. அந்த நாட்களில் நீ என்னைக் கிண்டலே செய்யவில்லை. எழும்பூர் ஸ்டேஷனில் மட்டும் பழையபடி சிரித்தாய். அப்புறம் மடத்தில் உனக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது, உன்னை அடக்கம் செய்த பிறகு.

இன்று பிழியும்போது என் கையில் இருந்தது அந்த நீல முனை. அதை அம்மாவிடம் காட்டி, கடைசி ஒரு சாணை மட்டும் நீ எவ்வளவு மெல்லிசாகக் கிழித்தாய் என்று சொன்னேன்.

"போடா. துணி தீர்ந்திருக்கும், அதான் சின்னதா கிழிச்சிருப்பா."

"தீரலம்மா. மூட்டை நெறைய மீந்துச்சே. நீதானே அப்புறம் தலவாணியில அடைச்ச."

அம்மா ஈரக் கையால் நீலத்தின் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தாள். தண்ணீர் சொட்டி அவள் முந்தானை முழுக்க நனைந்தது. "இத்த மட்டும் எவ்ளோ பொறுமையா கிழிச்சிருக்கா" என்றாள்.

யாராவது சிரித்துக்கொண்டே விடைபெற்றால், அக்கா, இனி நான் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன்.