சனிக்கிழமை அளவுகள்

யோக்யகர்த்தா
18 மே 2008

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாதல்லவா?

நல்ல சேதி. பத்தொன்பது சனிக்கிழமைகளாக எடுத்துவந்த அளவுகள் முடிந்துவிட்டன. வார நாட்களில் கதிர்வீச்சு இயந்திரம் நோயாளிகளுக்கு. மருத்துவ இயற்பியல் படிக்கிற எங்களுக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியை உடம்பாகப் பாவித்து, பென்சில் முனை அளவுள்ள கருவியை அதற்குள் இறக்கி, எத்தனை ஆழத்தில் கதிர் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்ப்பேன். என் அட்டவணையை வைத்துத்தான் சின்னப் பிள்ளைகளின் மூளைக்கட்டிக்கு இங்கே கதிர் கொடுக்கப் போகிறார்கள்.

ஆகஸ்டில் பட்டம். நோன்புக்கு முன்னால் தெர்னாத்தேயில் நம் வீட்டில் இருப்பேன். நம் மகள் சல்வாவுக்குப் பல் விழுந்ததா? இங்கே எந்தக் குழம்பில் கை வைத்தாலும் சர்க்கரை. நீங்கள் எலுமிச்சை பிழிந்து பிசைகிற பச்சை மீனுக்கு நாக்கு ஏங்குகிறது.

உங்கள்
மஸீத்தா


தெர்னாத்தே
2 ஜூன் 2008

அன்புள்ள மஸீத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். சல்வாவுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது. ஒன்றை விழுங்கிவிட்டாள்.

நீ ஆகஸ்டில் வந்துவிடுவாய் என்று படகுத்துறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். போன வாரம் பக்கத்துப் படகு பின்யமின், "என்ன ஜுஃப்ரி, ஒம் பொண்டாட்டி ரெண்டு வருஷமா படிக்கிறாளா, இல்ல ஜாவாக்காரன் எவனையாச்சும் புடிச்சுக்கிட்டாளா?" என்றான். படகுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குத் திதோரே தீவுக்குப் பாதிப் படகு காலியாக இருக்கும்போதே கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

இன்னொன்று. சல்வா நேற்று என் அக்கா ஹஸ்னாவை "உம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அடுப்படிக்குப் பச்சை அடித்திருக்கிறேன். நீ கேட்ட நீலம் கிடைக்கவில்லை.

ஜுஃப்ரி


யோக்யகர்த்தா
22 ஜூன் 2008

அன்பு மச்சானுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். நேற்று ஒரு சின்னச் சரிபார்ப்புக்காக மறுபடி தொட்டியை நிரப்பினேன். மாலையில் தொட்டிக்கு அடியில் கிடந்த துணியை எடுத்தால் சொட்டச் சொட்ட ஈரம். தொட்டியின் வடிகுழாய் கசிகிறது. காலையில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு மாலைவரை அதையே நம்பியிருக்கிறேன். நேற்று மட்டும் ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பத்தொன்பது சனிக்கிழமையும் எவ்வளவு இறங்கியது என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கூடப் படிக்கிற வஹ்யூ சொன்னான்: "அஞ்சு மில்லிமீட்டர யாரு பாக்கப் போறா அக்கா? துணியப் புழிஞ்சு காயப்போட்டுட்டு ஊருக்குக் கப்பல் ஏறு." விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கும் ஒரு மணி நேரம் அது நல்ல யோசனையாகவே பட்டது, மச்சான். உங்களிடம் மறைப்பானேன்? அந்த ஒரு மணி நேரமும் சல்வா வாயைப் பொத்திக்கொண்டதுதான் கண்ணுக்குள் நின்றது.

ஆனால் மேலே தண்ணீர் குறைந்தால் கருவி கதிரைக் கூட்டிக் காட்டும்; அந்த அட்டவணையை நம்பினால் கட்டிக்குப் போகவேண்டிய கதிரில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு குறையும். குறைந்தது யாருக்கும் தெரியாது. கட்டி திரும்ப வளர்ந்தாலும் காரணம் தெரியாது.

பேராசிரியை ரெத்னோவிடம் போய்ச் சொன்னேன். என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "வீட்ல சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதேன்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். பட்டம் பிப்ரவரியில். பெருநாளுக்கு நான் வர முடியாது. என்னை மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. ஏனென்றால் திரும்பக் கேட்டாலும் இதைத்தான் செய்வேன்.

உங்கள்
மஸீத்தா


யோக்யகர்த்தா
20 ஜூலை 2008

மச்சான்,

நான்கு வாரமாகிறது. போனை எடுத்தால் ஹஸ்னா அக்கா, "அவன் படகுல இருக்கான்" என்கிறார். பின்னால் உங்கள் இருமல் கேட்கிறது.

புதுக் குழாய் போட்டாயிற்று. மூன்று சனிக்கிழமை முடிந்தது. திட்டியாவது எழுதுங்கள்.

மஸீத்தா


தெர்னாத்தே
9 ஆகஸ்ட் 2008

அன்புள்ள மஸீத்தா,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். நான்காவதில் என்னைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை திதோரேயிலிருந்து ஒரு பெண் தன் மகனோடு படகில் வந்தாள். பையனுக்குத் தலையில் தையல் போட்ட தழும்பு; சல்வா உயரம்தான். ஜாவாவுக்குக் கதிர் வைக்கக் கூட்டிப்போகிறாளாம். கரையில் அவனைத் தூக்கி இறக்கினேன். கனமே இல்லை. அவள், "அங்க நல்லா பாப்பாங்களா தம்பி?" என்று கேட்டாள். "பாப்பாங்க. எம் பொண்டாட்டி அந்த வேலைக்குத்தான் படிக்கிறா. ஒரு நூல் பிசகுனாலும் முதல்ல இருந்து அளப்பா. அதனாலதான் பெருநாளுக்குக்கூட வரல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பின்யமின் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அதைச் சொல்லி முடித்தபோதுதான் எனக்கே அது புரிந்தது. முன்னமே எழுதியிருக்க வேண்டும்.

நோன்பு மாதத்துக்குப் படகைத் தம்பியிடம் விட்டிருக்கிறேன். நானும் சல்வாவும் 24-ம் தேதி கப்பல் ஏறுகிறோம். உன்னைக் கூட்டிவர இல்லை, பயப்படாதே. பெருநாள்வரை உன்னோடு இருப்போம். சமையல் என் பொறுப்பு. ஒரு குழம்பிலும் சர்க்கரை விழாது. 29-ம் தேதி சுரபாயா துறைமுகத்துக்கு வந்துவிடு. வெள்ளிக்கிழமைதான், உன் சனிக்கிழமையில் நாங்கள் கை வைக்கவில்லை.

"உம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா வாப்பா?" என்று சல்வா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தெரியும் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பவில்லை. எதற்கும் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு மேல்தட்டில் நிற்பாளாம். மஞ்சளைப் பார்த்ததும் நீதான் முதலில் கையசைக்க வேண்டுமாம்.

உன்
ஜுஃப்ரி