வெயில் இருக்கையில் கூட்டிய பீங்கான்

என் அன்புக்கும் என்னைக் கேலிசெய்யும் முழு உரிமைக்கும் உரிய மச்சாளுக்கு,

பீலெஃபெல்டில், இந்த ஜெர்மன் மார்கழியில், நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. உங்களை இறுதியாக வழியனுப்பிவிட்டு வந்த நாள்முதல், அந்த இருட்டு இன்னும் முந்தி வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இருந்த கீழ்வீட்டுக்கு வேறு யாரோ குடிவரப் போகிறார்கள். கதவிலிருந்த உங்கள் பெயரை நேற்றுக் கழற்றினார்கள். படியேறும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் இடையில் நின்றபின் நானாகவே படித்துத் தேறிய தமிழில் வாயெடுத்தால், “வந்திட்டா, றேடியோச் செய்தி வாசிக்க!” என்பீர்கள். இன்று இடைமறிக்க எவருமில்லை. ஆகவே செய்தியை முழுமையாகவே வாசிக்கிறேன்.

உங்கள் தம்பி பேசுவதில்லை. பேக்கரிக்குப் போகிறார், வருகிறார், வைத்ததை உண்கிறார். தாய்தந்தையற்ற அவரை இந்நாட்டுக்கு அழைத்து ஆளாக்கியவர் நீங்கள். அந்தத் துயரில் நான் எவ்வளவு பங்கு கேட்கலாம்? மணமாகி ஓராண்டு நிறையாத மனைவி, கணவனின் மௌனத்தை எந்தப் பக்கத்தால் தட்டுவது? இதையும் உங்களிடம்தானே கேட்டிருப்பேன்.

கலியாணத்துக்கு முந்தின மாலையை நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் மருதாணிக் கையோடு இருந்தேன். வாசலில் திடீரென்று பெருஞ்சத்தம். போர் சற்று ஓய்ந்து பாதை திறந்த ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். உடம்பு யோசிக்கவில்லை, செல் குண்டென்று மேசைக்கடியில் புகுந்தது. அங்கே எனக்கு முன்பே நீங்கள் குப்புறக் கிடந்தீர்கள்! இந்நகரில் பதினைந்து ஆண்டு வாழ்ந்தவர்!

“மச்சாள், நீங்களுமோ?”

“பேசாமக் கிட, பிள்ளை. தலையைத் தூக்காதை.”

கதவைத் திறந்து வந்த உங்கள் தம்பி குனிந்து பார்த்தார். “எழும்புங்கோ ரெண்டுபேரும்! ஒருத்தரும் செல்லடிக்கேல்லை, கோப்பை உடைக்கினம்!”

அவரோடு வேலைசெய்யும் ஜெர்மானியர்கள், தங்கள் வழக்கப்படி, பழைய பீங்கான் கோப்பைகளை மணமக்களின் வாசலில் போட்டுடைத்து வாழ்த்த வந்திருந்தார்கள். உடைந்ததை மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து கூட்டவேண்டுமாம். ஒருவர் என் கையில் தும்புத்தடியைத் திணித்தார். நான் மறுத்துவிட்டேன். மணவீட்டில் கோப்பை உடைந்தது போதாதா? விளக்கு வைக்கும் நேரம் கடந்தபின் கூட்டி, லட்சுமியையும் வெளியேற்றுவதா? அப்போது மணி ஒன்பது. வந்தவர்களின் முகம் வாடியது. உங்கள் தம்பி எவர் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நின்றார்.

நீங்கள் போய் யன்னல் திரையை விலக்கினீர்கள். ஆனி மாத வெயில் உள்ளே விழுந்தது.

“வெளியில பாரடி! சூரியனே இன்னும் வீட்டை போகேல்லை, உன்ர லட்சுமி எங்க போறா? கூட்டு!”

கூட்டினோம். கூட்டக் கூட்ட அவர்கள் காலால் சிதறடித்தார்கள். அதுவும் வழக்கமாம். நீங்கள் படிக்கட்டில் அமர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்த வயிற்றில் அப்போதே நோய் இருந்ததா, மச்சாள்?

முந்தநாள் மாலை, உங்கள் தம்பி கழுவிக்கொண்டிருந்த கோப்பை கைநழுவி உடைந்தது. வெளியே கும்மிருட்டு. நான் தும்புத்தடியை எடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம். விளக்கு வைச்சாச்சு.”

அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததே எனக்குப் பெரிது. போய் யன்னல் திரையை விலக்கினேன். என்னையறியாமல் உங்கள் குரல் என் வாயில் வந்தது. “ஓம், இண்டைக்குச் சூரியன் நேரத்தோட வீட்டை போயிட்டார்.”

“அக்கா இருந்தா சூரியனைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திருப்பா,” என்றார்.

சிரித்தார், மச்சாள். சிரிப்பு பாதியில் உடைய, தரையில் அமர்ந்து அழுதார். துண்டுகளுக்கு நடுவே நானும் அமர்ந்தேன். அவற்றை எவரும் தொடவில்லை. மறுநாள் காலை, வெளிச்சம் வந்தபின், இருவருமாகக் கூட்டினோம்.

இனி இந்த வீட்டில் எது உடைந்தாலும் இருவரில் எவரும் தனியாகக் கூட்டமாட்டோம். இருட்டானால், விடியும்வரை அருகிருந்து காத்திருப்போம். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

மேசைக்கடியில் உங்கள் பக்கத்தில் கிடந்த,
உங்கள் தம்பியின் மனைவி