வளைகாப்பு கேசட்டில் பாட்டுக்கு அடியில் இருந்தது

என் அப்புக்கண்ணு தீனாவுக்கு,

முடிச்சூர்லேர்ந்து அம்மா எழுதறேன். நானும் உங்க அக்கா மவ கோகிலாவும் உசுரோட இருக்கோம், அதுக்கு மேல சௌக்கியம்னு எழுத எனக்குக் கை வரல, நீ மஸ்கட்ல வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு தினம் வேண்டிக்கிறேன். போன்ல சொல்ல ஆரம்பிச்சா கத்திடுவேன், அதான் எதிர்வீட்டு டெனிஸ் லீவு முடிஞ்சு அங்க வர்றப்போ இதைக் குடுத்து விடறேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, பொறுத்துப் படி.

உங்க அக்கா தீபா போய்ச் சேந்து பத்து மாசம் ஆச்சு. அவ புருஷன் குமரவேல் பெயில்ல வந்து பொழிச்சலூர்ல அவன் அண்ணன் வீட்டுல வேளா வேளைக்குத் தின்னுகினு இருக்கான். என் பொண்ணு முடியைப் புடிச்சு கேஸ் சிலிண்டர்ல மூணு தடவை மோதினவன். முன்பல்லு தரையில கெடந்ததை நான் பாத்தேன்டா. அவன் வக்கீல் சொல்றாரு, வழுக்கி விழுந்துட்டாளாம், கல்யாணம் ஆகி இருபத்திநாலு வருஷத்துல ஒரு நாளும் அவன் கை ஓங்கினதில்லையாம், ஓங்கியிருந்தா பெத்தவங்க ஒரு புகாராவது குடுத்திருப்பாங்களேன்னு கேக்கறாரு. நம்ம வக்கீல் ஜெயஸ்ரீ அம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க, நான் தலையைக் குனிஞ்சுகினேன். அவன் கழுத்தை அம்மிக்கல்லுல வெச்சு நசுக்கற மாதிரி நெனச்சுக்கினுதான் தினம் சட்னி அரைக்கிறேன், மிக்ஸி இருந்தும்.

இதுக்கு நடுவுல கோகிலா, அம்மா சிரிக்கறதைப் பாக்கணும் ஆயான்னு ஒரே அழுகை. நம்மகிட்ட இருக்கறது அவ வளைகாப்பு வீடியோ கேசட் ஒண்ணுதானே, வெள்ளத்துல கல்யாண கேசட் போச்சு, இது பரண்மேல தப்பிச்சுது. மெயின் ரோட்டுல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கற ஜீவானந்தத்துகிட்ட எடுத்துக்கினு போனோம். மூணு வாரம் அலைஞ்சோம். முதல்ல படம் கருப்பு வெள்ளையா உருண்டுகினே இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல அமெரிக்கா கணக்குல வெச்சிருந்தானாம், மாத்தினான். அப்புறம் சத்தம் மட்டும் வந்துச்சு, படம் இல்ல, கோடெக் இல்லன்னான், படத்தை மடிச்சு வெச்சுப் பிரிக்கற முறையாம் அது, வேற போட்டான். அப்புறம் வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம், நடுநடுவுல படத்தை கம்ப்யூட்டர் முழுங்குதும்மான்னான். புள்ளி புள்ளியா இருக்கேன்னு அவனே ஒரு பில்டர் போட்டான், தீபா மூஞ்சி மெழுகு பொம்மையாட்டம் வழவழன்னு ஆயிடுச்சு, பவுடர் பூசி ஆஸ்பத்திரியில குடுத்தாங்களே அந்த மூஞ்சி. எடுடா அதைன்னு கடையிலேயே கத்திட்டேன். பாவம், பயந்துட்டான். கடைசியில பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில கேசட் போடற வேற ஒரு டெக் வாங்கிக்கினு வந்தான், நல்ல கம்பெனி, சத்தம் துல்லியமா வரும்னு சொன்னான். போட்டான். படம் நின்னுச்சு. ஆனா நடுவுல வர்ற பாட்டைக் காணோம். ஒயர்தான் லூசுன்னு மாத்தி மாத்திச் சொருகினான்.

ஒயர்ல ஒண்ணுமில்ல. நீ அப்ப சின்னவன், உனக்குத் தெரியாது. வளைகாப்பு அன்னிக்கு முதல் வளையலை குமரவேலோட அம்மாவைக் கூப்பிட்டுப் போட வெக்காம நம்ம பக்கத்து அத்தையை விட்டுப் போட வெச்சுட்டோம். அதுக்கு அவன் தீபா பின்னால வந்து நின்னு, கண்ணாடி வளையலோட மணிக்கட்டைச் சேத்துப் புடிச்சு நசுக்கினான். டஜன் வளையல் தூளாச்சு, கண்ணாடி சதையில ஏறி சந்தனத்தோட ரத்தம் ஒழுவுச்சு. கேமரா அப்ப சீர்த்தட்டுப் பக்கம் திரும்பியிருந்துச்சு, படத்துல ஒண்ணுமில்ல, சத்தம் மட்டும். அதையும் நான்தான் ஸ்டுடியோ முனிரத்தினம் அண்ணன்கிட்ட போய், சம்பந்தி வீட்டுல போட்டுப் பாப்பாங்க, அந்த இடத்துல ஒரு பாட்டைப் போட்டு மூடிடுங்கண்ணான்னு கெஞ்சினேன். மூடிட்டாரு. ஜீவானந்தம் சொல்றான், கேசட்டுல சத்தம் ரெண்டு இடத்துல இருக்குமாம், ஓரத்துல ஒண்ணு, படத்துக்கு அடியில ஒண்ணு, பாட்டு ஓரத்துல மட்டும்தான் ஏறியிருக்கு, பழைய டெக் ஓரத்தைப் படிச்சுது, இது அடியில இருக்கறதைப் படிக்குதும்மான்னு.

அடியில உங்க அக்கா கத்தறா. "அம்மா, கையை விடச் சொல்லும்மா, எலும்பு நொறுங்குது." அதுக்கு ஒரு பொம்பளை பதில் சொல்றா. "வளையல் உடைஞ்சா திருஷ்டி கழிஞ்சுதுடி, சிரி, வீடியோ எடுக்கறாங்க."

அது நான்தான் அப்பு. இருபத்திமூணு வருஷம் கழிச்சு, அன்னிக்கு அவ வயித்துல இருந்த கோகிலாவைப் பக்கத்துல வெச்சுக்கினு என் குரலை நானே கேட்டேன். கோகிலா எழுந்து கடையை விட்டுப் போயிட்டா. நாலு நாளா எங்கூட பேச்சில்ல, சோறு போட்டா தட்டைத் தள்ளிடறா. அடிச்சிருந்தாகூட வாங்கிப்பேன்.

ஜெயஸ்ரீ அம்மா கேட்டுட்டு, அவன் கை ஓங்கினதுக்கு இதான்மா சாட்சி, ஆனா கோர்ட்ல உங்க குரலும் கேக்கும், உங்களையும் நிறுத்தி வெச்சுக் கேப்பாங்கன்னு சொன்னாங்க. உங்க குரலை வெட்டிட்டு நகல் எடுத்துத் தரவாம்மான்னு ஜீவானந்தம் இரக்கப்பட்டுக் கேட்டான். ஒரு தடவை மூடினது போதும், அசல் கேசட்டை அப்படியே குடுன்னு வாங்கி ஜெயஸ்ரீ அம்மா கையில குடுத்துட்டேன். வர்ற வியாழக்கிழமை செங்கல்பட்டுல கூண்டுல ஏறி, அந்தப் பொம்பளை நான்தான்னு சொல்லப் போறேன். குமரவேல் மூஞ்சியைப் பாத்துக்கினே சொல்வேன். ஊர் காறித் துப்பினா துடைச்சுக்கறேன்.

நீ லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்காத. தை மாசம் உனக்குப் பொண்ணு பாக்கறதா இருக்கோம், அதனால இப்பவே சொல்றேன், என்ன கோவம் வந்தாலும் வெளிய போயி நட, வர்றவமேல உன் கை படக்கூடாது, பட்டா நான் உனக்கும் அம்மா இல்ல. வெயில்ல தொப்பி போடு. கோகிலாவுக்கு ஒரு போன் பண்ணு, உன்கிட்டயாவது பேசுவா. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயக்கொடி

கவரை ஒட்டப் போயி திரும்பப் பிரிச்சு எழுதறேன். அந்த ஞாயித்துக்கிழமை அடுப்பங்கரையில அவன் முடியைப் புடிச்சப்போ, கேட்டும் கேக்காத இந்தப் பாவியைத்தான் அவ அப்பவும் அம்மான்னு கூப்பிட்டிருப்பாளா அப்பு?